நீல மூடி டப்பாவுக்குப் பின்னால்

என் கணவருக்கு உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பத்தாயிரம் உதிரிப் பாகங்கள் அடுக்கியிருக்கும் குடோனில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறார். சுண்டுவிரல் நகம் அளவு வாஷர் கேட்டால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாராம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் சொந்த வீட்டுச் சமையலறையில் உப்பைக் கண்டுபிடிக்க எனக்குப் போன் போடுவார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பதினோரு மாதம்.

மார்ச் இரண்டாம் தேதி நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அத்தானும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, பஸ்ஸில் எட்டு மணி நேரத் தொலைவு. ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனேன். எலும்பு என் பேச்சைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் போன் வந்தது.

"உப்பு எங்க வச்சிருக்க?"

"மேல் தட்டுல, நீல மூடி டப்பாவுக்குப் பின்னாடி."

தடபுடவென்று டப்பா உருளும் சத்தம் கேட்டது. அப்புறம், "காணோமே" என்றார்.

"கண்ணைத் திறந்து பாருங்க. நீல மூடி தெரியுதா? அதை நகர்த்துங்க. பின்னாடி கண்ணாடி பாட்டில்."

மறுபடியும் சத்தம். "ம். கிடைச்சிடுச்சு."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. அடுத்த நாள் சர்க்கரை. அதற்கடுத்த நாள் தேயிலை. பிறகு மறுபடியும் உப்பு. நான் உப்பு வைத்திருந்த இடம் கொஞ்சம் கோணல்தான், ஒப்புக்கொள்கிறேன். நான் குள்ளம். அந்த மேல் தட்டு எனக்கு எட்டாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு மர ஸ்டூலைப் போட்டு ஏறி ஏறித்தான் சமைத்திருக்கிறேன். ஈரம் படக்கூடாது என்று உப்பை அங்கே வைத்தேன், அது அங்கேயே குடியேறிவிட்டது. சமையலறையில் பாதி சாமான் அப்படித்தான். ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் காரணம் இருக்காது, ஆனால் கை நேராக அங்கேதான் போகும்.

மார்ச் மாத நடுவில் ஒரு நாள் வேறு மாதிரிக் கேட்டார். "நீ கையைத் தூக்கினா எதுவரைக்கும் எட்டும்? ஃப்ரிட்ஜ் மேல எட்டுமா?"

"முப்பத்தோரு வருஷமா ஸ்டூல் போட்டு ஏறுறேன். இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுதா?" என்று வள்ளென்று விழுந்தேன்.

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அக்காவுக்கு இந்தப் போன் ஒரு நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. ஏழு மணி அடித்தால் படுக்கையிலிருந்தே குரல் கொடுப்பாள். "வந்துடுச்சு உன் உப்பு போன். எடு."

நானும் எடுத்துத் திட்டுவேன். வாய் திட்டும். மனசு என்னவோ அந்தச் சமையலறைக்குள் போய் நிற்கும். இடதுபக்கம் ஜன்னல், அதன் கீழே தண்ணீர்த் தொட்டி, திருகினால் கொஞ்சம் முனகும் குழாய், மூடும்போது மட்டும் அடம்பிடிக்கும் மூன்றாவது இழுப்பறை. மிளகு எங்கே என்று அவர் கேட்டால், கதவைத் திறப்பதிலிருந்து ஆரம்பித்து அங்குலம் அங்குலமாகச் சொல்லுவேன். ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் போன் முடிந்துவிடுமே.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திருட்டு வேலைகூடச் செய்தேன். பட்டை எங்கே என்று கேட்டார். பட்டை கண்ணாடி பாட்டிலில், நடுத்தட்டில் இருந்தது. நான் வேண்டுமென்றே, "வெங்காயக் கூடைக்கு அடியில பாருங்க" என்றேன். கிடைக்காது, அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிடுவார், இன்னொரு தடவை அந்தக் குரலைக் கேட்கலாம் என்பது என் கணக்கு. ஐம்பத்தாறு வயதில் எனக்கு வந்த புத்தி அது.

டப்பா உருண்டது. "ஆ, இருக்கு. கிடைச்சிடுச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பட்டையைக் கொண்டுபோய் வெங்காயக் கூடைக்கு அடியில் வைக்க எனக்கென்ன பைத்தியமா? எனக்கே மறதி வந்துவிட்டதா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் அக்கா கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தாள். டிசம்பரில் கம்பைத் தேடி நாங்கள் இருவரும் வீடு முழுக்க அலைந்தோம், அவ்வளவு நன்றாக நடந்தாள். ஜனவரி கடைசியில் நான் கிளம்புவது பற்றிப் பேச்செடுத்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கேயே இருந்துடேன்டி. உன் பொண்ணும் கல்யாணமாகிப் போயிட்டா. அங்க போய் என்ன பண்ணப் போற?"

"அவர் இருக்காரே."

"ஒரு தடவையாவது வான்னு கூப்பிட்டாரா? உப்பைத் தவிர அவருக்கு உன்கிட்ட வேற என்ன கேக்கணும்?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது உண்மை. அடுத்த நாள் ஏழு மணிக்கு நானே மானத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா என்னை இங்கேயே இருந்துடச் சொல்றா. என்ன சொல்றீங்க?"

போனில் அன்று டப்பாகூட உருளவில்லை. பிறகு, "அக்காவுக்கு உதவியா இருக்கும்னா இரு. இங்க ஒரு குறையும் இல்ல" என்றார்.

ஒரு குறையும் இல்லையாம். அன்று அக்கா வீட்டுப் பாத்திரங்கள் என்னிடம் பட்ட பாட்டை அவைதான் சொல்ல வேண்டும்.

சரி, போவோம், போய் அந்தச் சமையலறையை ஒற்றை ஆளுக்கு ஏற்ற மாதிரி அடுக்கிவைத்துவிட்டு நான்கு நாளில் திரும்பி வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். உப்பு எங்கே என்று தெரியாத மனிதரை அப்படியே விட்டுவிட்டு எப்படி நிம்மதியாக இருக்க முடியும்? திரும்பி வரும் பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது ஒரு காகிதத்தில் படம்கூடப் போட்டேன். உப்பு, சர்க்கரை, தேயிலை மூன்றும் அடுப்புக்குப் பக்கத்தில். அரிசியும் மாவும் கீழே. தினமும் வேண்டாதது எல்லாம் பரணில். அவர் என்னை வேண்டாம் என்று சொன்ன வீட்டில் நான் செய்யும் கடைசி வேலை அது என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்கவில்லை, நேராகச் சமையலறைக்குத்தான் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அது என் சமையலறை இல்லை. ஒரு குட்டி குடோன்.

ஒரே அளவு கண்ணாடி பாட்டில்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளை அட்டை. கொட்டை எழுத்தில் 'அ-1 உப்பு', 'அ-2 சர்க்கரை', 'அ-3 தேயிலை'. கதவுகளின் உள்பக்கம் கொக்கிகள் அடித்து மூடிகளைத் தொங்கவிட்டிருந்தார். ஆபீஸில் ஃபைல் வைக்கும் ஸ்டாண்டில் தட்டுகளும் வறுக்கும் சட்டிகளும் செங்குத்தாக நின்றன, ஒன்றை எடுக்க ஒன்பதை இறக்க வேண்டாம். கை நுழையாத அந்த மூலை அலமாரிக்குள் ஒரு வட்டப் பலகை. விரலால் தொட்டேன், சத்தமே இல்லாமல் சுற்றியது.

"பேரிங் போட்டிருக்கேன்" என்றார் பின்னால் நின்றுகொண்டு. "பழைய மெஷின்ல கழட்டிப் போட்டது. எண்ணெய் பாட்டில் எல்லாம் சுத்தி முன்னாடி வந்துடும். புதுசா வாங்கினது பின்னாடி, பழசு முன்னாடி. எது வேகமா தீருமோ அது முதல் வரிசை. எங்க குடோன்லயும் இதே முறைதான்."

"நல்லா இருக்கு" என்றேன்.

"எல்லாம் கையெட்டுற தூரத்துல." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எனக்கு அழுகை வந்தது. காகிதத்தில் நான் போட்ட படம் பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கவேயில்லை. ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னது சும்மா பேச்சுக்கில்லை, நிஜமாகவே ஒரு குறையும் இல்லை. போன வாரம்கூட மிளகு எங்கே என்று கேட்டாரே, அதற்குப் பிறகுதான் இத்தனையும் செய்திருப்பார். நான் வரமாட்டேன் என்று தெரிந்ததும் தன் வழியைப் பார்த்துக்கொண்டார்.

அன்று சமைத்தது அவர்தான். நான் மேஜை ஓரம் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. நெட்டை மனிதர், ஒவ்வொரு தடவை உப்பு எடுக்கும்போதும் குனிந்தார். முதுகுவலிக்காரர் வேறு. முதல் வரிசையை அவர் நெஞ்சு உயரத்துக்கு வைத்திருந்தால் என்ன? அவ்வளவு பெரிய ஸ்டோர் கீப்பருக்கு அளவெடுக்கத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் நொட்டை சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. எனக்கு எட்டாத மேல் தட்டில் என் பழைய நீல மூடி டப்பா தனியாக உட்கார்ந்திருந்தது. அட்டை இல்லாத ஒரே டப்பா அதுதான். என் ஸ்டூலைத்தான் காணோம். தேடினால் பால்கனியில் கிடந்தது, அதற்கும் ஒரு அட்டை ஒட்டி, 'தேவையில்லை' என்று எழுதியிருந்தார். குடோனில் ஓடாத சரக்குக்கு அப்படித்தான் எழுதி மூலையில் போடுவார்கள். நான் அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டூலுக்கு எழுதியது எனக்கும் சேர்த்துத்தான் என்று பட்டது.

இரண்டு நாள் கண்ணைக் கட்டி விட்டது போல இருந்தது. சர்க்கரைக்குக் கை மேலே போகும், அங்கே சுவர். கரண்டிக்குக் கை இடதுபக்கம் போகும், அங்கே துணி. வேலையெல்லாம் பாதி நேரத்தில் முடிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மீதி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவர் காலையில் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு கிளம்புவார், சாயங்காலம் வருவார். "பஸ் எத்தனை மணிக்கு?" என்று ஒரு தடவை கேட்டார். சொன்னேன். "ம்" என்றார்.

மூன்றாம் நாள். மறுநாள் காலை எனக்குப் பஸ். அவர் குடோனுக்குப் போன பிறகு அடுப்பில் பருப்பை வேகவைத்துவிட்டு நின்றேன். அந்த அட்டைகள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனையையும் கிழித்துவிட்டு, என் சாமான்களைப் பழைய இடத்தில் பழையபடி வைத்துவிட்டுப் போவது என்று முடிவு செய்தேன். நான் போன பிறகு உப்புக்கு அலையட்டும். அலைந்து போன் பண்ணட்டும்.

அ-1 அட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். பிசின் கெட்டியாகப் பிடித்திருந்தது. வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். கொட்டை எழுத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கிறுக்கல். அது அவருடைய சின்னக் கையெழுத்து. பக்கத்தில் தேதி. 19-3.

அதைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தேதி போடாமல் ஒட்டிய ஒரு அட்டைக்காக இருபது வருடத்துக்கு முன்னால் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், அன்றிலிருந்து தேதியும் கையெழுத்தும் இல்லாமல் எதிலும் எதையும் ஒட்டமாட்டார். மகளின் பிறந்தநாள் பரிசுப் பொட்டலத்தில்கூடப் போட்டவர்.

பிறகுதான் உறைத்தது. மார்ச் பத்தொன்பது.

அ-2ஐப் பார்த்தேன். 19-3. மிளகைப் பார்த்தேன். 19-3. பட்டையைப் பார்த்தேன். அதே தேதி, அதே கிறுக்கல். நான் கிளம்பிப் பதினேழாம் நாள் இந்தச் சமையலறை முழுக்க அடுக்கி முடிந்திருக்கிறது. அப்படியென்றால் ஏப்ரலில் உப்பு கேட்டது யார்? ஜூனில் சர்க்கரை கேட்டது? போன வாரம் மிளகு? கண்ணுக்கு முன்னால் எழுதி ஒட்டியதை வைத்துக்கொண்டு, எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறவளிடம் எங்கே என்று கேட்டிருக்கிறார் மனுஷன். வெங்காயக் கூடைக்கு அடியில் பட்டை கிடைத்ததாம். நான் பொய் சொல்லியிருக்கிறேன், அவர் அந்தப் பொய்யைத் தேடிக் கண்டுபிடித்ததாகப் பொய் சொல்லியிருக்கிறார்.

அ-1 பாட்டில் என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. கையை உயர்த்தக்கூட வேண்டாம். அளவெடுக்கத் தெரியாதவர் இல்லை அவர். எனக்குத்தான் அளவெடுத்திருக்கிறார்.

மேஜை ஓரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நன்றாக அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு குடோனுக்குப் போன் போட்டேன்.

"என்ன? என்ன ஆச்சு?" வேலை நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை, பதறிவிட்டார்.

"உப்பு எங்க இருக்கு?"

பின்னால் வண்டி போகும் சத்தமும் இரும்பு இறங்கும் சத்தமும் கேட்டன.

"உங்களைத்தான் கேக்குறேன். உப்பு எங்க?"

"அ-1ல. முன்னாடியேதான் இருக்கு. அட்டை ஒட்டியிருக்கேனே."

"அட்டையில மார்ச் பத்தொன்பதுன்னு போட்டிருக்கு."

நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

"தேதி போடாம எனக்கு ஒட்டத் தெரியாது" என்றார் கடைசியில், கையும் களவுமாகப் பிடிபட்ட குரலில்.

"வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டா வந்துடுவ. அக்கா படுக்கையில இருந்தாங்க."

"நடக்க ஆரம்பிச்ச பிறகு?"

"நீ அங்க சந்தோஷமா இருக்கேன்னு நெனச்சேன். போன்ல அப்படித் திட்டுவியே. உடம்பும் மனசும் நல்லா இருந்தாத்தானே அவ்வளவு சத்தமாத் திட்டுவ."

பதினோரு மாதம் ஏக்கத்தில் போட்ட சத்தத்தை அந்த மனிதர் சந்தோஷம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

"அப்போ ஒரு குறையும் இல்லன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? நீ இல்லாம வீடு நல்லாவே இல்லன்னு சொன்னா அக்காவை விட்டுட்டு வந்து நிப்ப." தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலையில ஏழு மணி எப்ப வரும்னு இருக்கும். அதுக்கப்புறம் மறுநாள் ஏழு மணி வரைக்கும் ஒண்ணும் இருக்காது."

"எனக்கும் அப்படித்தான்" என்றேன். பதினோரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. "சரி, உப்பு எங்கன்னு சொல்லுங்க."

"அதான் சொன்னேனே, அ-1..."

"எனக்குக் கிடைக்கல. வந்து எடுத்துக் குடுங்க."

"இப்பவா? சாவி என்கிட்ட இருக்கே. சரக்கு வண்டி நிக்குது."

முப்பத்தோரு வருடத்தில் அந்தச் சாவியை அவர் ஒருத்தரிடமும் கொடுத்ததில்லை. காய்ச்சலில் படுத்த நாளில்கூடத் தலையணைக்கு அடியில்தான் இருக்கும்.

"யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க" என்றேன்.

இரும்பு இறங்கும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"வர்றேன்" என்றார்.

அக்காவைக் கூப்பிட்டு நான் வரவில்லை என்று சொன்னேன். அவள் முதலில் அழுதாள், பிறகு திட்டினாள். மாதம் பத்து நாள் நான் அங்கே வருகிறேன், முடிந்தபோது நீ இங்கே வா என்றேன். "தினமும் போன் பண்ணு, ஏழு மணிக்கு மட்டும் வேணாம்" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "உப்பு கிடைச்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

பால்கனிக்குப் போய் ஸ்டூலை எடுத்துவந்தேன். 'தேவையில்லை' அட்டையைப் பிய்த்துப் போட்டேன். இது மட்டும் லேசாக வந்துவிட்டது. அ-1 பாட்டிலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். முழங்கால் முனகியது. மேல் தட்டில் இடம் பண்ண நீல மூடி டப்பாவை நகர்த்தினேன்.

தடபுடவென்று ஒரு சத்தம்.

கை அப்படியே நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன். உள்ளே சமையல் சாமான் ஒன்றும் இல்லை. இரண்டு பழைய கரண்டிகளும் ஒரு பிடி இரும்பு நட்டுகளும் கிடந்தன. மூடி, லேசாக ஆட்டினேன். அதே சத்தம். காலை ஏழு மணிக்கு அக்கா வீட்டு ஜன்னலோரம் நின்று, என் வீடு, என் வீடு என்று நான் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கேட்ட சத்தம்.

உப்பை அந்த டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு இறங்கினேன். ஸ்டூலைத் திரும்பப் பால்கனியில் போட்டுவிட்டேன். இப்போது அது எனக்கு எட்டாது. அவர்தான் எடுத்துத் தர வேண்டும். குடோனிலிருந்து வர அரை மணி நேரமாகும். அடுப்பில் பருப்பு உப்பில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.